பத்து ஏவுகணையும் ஒரு டெலிபோனும்

(தலைப்பு: நம்பத் தகுந்தது கண்ட சாட்சியே! / தீர விசாரிப்பதே!)



எனக்கு முன்னால பேசின சகோதரி ஒரு போடு போட்டாங்க. "பறக்கும் தட்டுன்னு சொல்றது வழிப்போக்கன் இல்லை, அமெரிக்க அணு ஏவுகணைத் தளத்து அதிகாரி! அவரை நம்பாம ஃபைலையா நம்புவீங்க?"ன்னு கேட்டாங்க. கைதட்டலும் வாங்கிட்டாங்க. ஆனா பாதிக் கதைதான் சொன்னாங்க ஐயா. மீதியை நான் சொல்றேன்.

1967 மார்ச் 16. மொன்டானா மாநிலம், மால்ம்ஸ்ட்ராம் விமானப்படைத் தளம். எக்கோ என்ற பிரிவில் இருந்த 10 மினிட்மேன் ஏவுகணைகளும், கல்யாண வீட்டு சீரியல் பல்பு அணைகிற மாதிரி அடுத்தடுத்துச் செயலிழந்து போயின. அணுகுண்டு சுமக்கிற ஏவுகணைகள்! பனிப்போர் நடக்கிற காலம். தலைமையகத்துக்கு எப்படித் தூக்கம் வரும்? இதற்குள் வானத்தில் ஏதோ வந்ததாக வேறு பேச்சு கிளம்பிவிட்டது.

விசாரித்தார்கள். அந்த வட்டாரத்தில் சுற்றி வந்த காவல் குழு, வித்தியாசமாக ஒன்றும் தென்படவில்லை என்றது. பறக்கும் தட்டு வதந்தி பொய்யென்று தெரிந்ததாகப் படைப்பிரிவின் குறிப்பிலேயே எழுதினார்கள். போயிங் பொறியாளர்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு சின்ன மின்துடிப்பை உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள்; அதே கோளாறு வந்தது. அன்றைக்கு அந்தத் துடிப்பு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை. பிடிபடலைங்கிறதுக்காக செவ்வாய் கிரகத்து மேல பழி போடலை! (சிரிப்பு)

சகோதரி சொன்ன அதிகாரி ராபர்ட் சாலஸ். அதே மாதம் இன்னொரு பிரிவிலும் இப்படி நடந்ததாக, 2010-ல் வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னவர். அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அந்த நேரத்துல அவர் எங்கே இருந்தார்? தரைக்கு அடியில், கட்டுப்பாட்டு அறைக்குள்! சிவப்பாய் ஒளிரும் பொருள் ஒன்று வாசலுக்கு மேலே நிற்பதாகக் காவலாளி டெலிபோனில் சொன்னார் என்பதுதான் அவர் வாக்குமூலம். அப்போ அவர் கண்ட சாட்சி இல்லீங்க ஐயா, கேட்ட சாட்சி! (பலத்த கைதட்டல்)

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். வெளியே பேசக் கூடாது என்று அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்கிறார். அது பாவம்தான். 2025 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி போட்டது. அணுவெடிப்பின் மின்காந்தத் துடிப்பை ஏவுகணை தாங்குமா என்று படையே ரகசியமாகச் சோதித்ததாம். ஒளிர்ந்தது அந்தச் சோதனைக் கருவிதான் என்று பென்டகன் விசாரணையில் தெரிந்ததாம். சாலஸ் ஏற்கவில்லை. எப்படி ஏற்பார்? 58 வருஷம் அந்த ஆளைத் தனியாப் புலம்ப விட்டுட்டு, இப்ப வந்து "அது நாங்கதான்"னு சொன்னா உங்களுக்கோ எனக்கோ கோபம் வராதா?

உடனே எதிரணி, "பார்த்தீங்களா, விசாரணையே மூடி மறைச்சுது"ன்னு துள்ளுவாங்க. இல்லைம்மா. மறைச்சது ரகசிய முத்திரை. அதைக் கிளறப் போனது இன்னொரு விசாரணை.

மணி அடிச்சிட்டீங்க ஐயா. தீர்ப்பு எழுதறப்போ, டெலிபோனில் பேசின அந்தக் காவலாளியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கணும்னு உங்களுக்குத் தோணினா, நீங்க எங்க பக்கம்.