உயிரைக் காக்கும் மார்க்கத்தில் உயிர்ப்பலி கடமையா?

 

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் நட்சத்திர ஹோட்டல்கள். இலங்கையில் அன்று தற்கொலைக் குண்டுதாரிகள் 260-க்கும் மேற்பட்டோரைக் கொன்றுவிட்டு, அதற்கு மார்க்கக் கடமை என்று பெயர் வைத்தார்கள். சீயோனில் மாண்டவர்களில் பலர், ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்து நின்ற சின்னஞ்சிறுசுகள். கேட்கிறேன், இது எந்தக் கடமை? ஒவ்வொருவர் மீதும் கடமையான பர்ளு ஐனா? சமூகத்தின் மீது பொதுவாகக் கடமையான பர்ளு கிஃபாயாவா? எந்த மத்ஹபின், எந்தச் சட்டப்பள்ளியின், எந்தக் கிதாபில் இருக்கிறது?

கடமை என்றால் என்னவென்று மதரஸாவில் ஓதும் பிள்ளைக்குத் தெரியும். தொழுகை பர்ளு, நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்துத் தொழலாம். தொழுகைக்கு உளூ என்னும் நீர்ச்சுத்தம் வேண்டும். தண்ணீர் பட்டால் நோய் முற்றும் என்றால் மண்ணைத் தொட்டுச் செய்யும் தயம்மும் போதும். நோன்பு பர்ளு, நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு. ஹஜ் பர்ளு, சக்தி இல்லாதவருக்குக் கட்டாயமில்லை. பசியால் சாகக் கிடப்பவருக்கு ஹராமான உணவுக்குக்கூட அனுமதி உண்டு. புண் ஆறட்டும் என்று உளூவையே தளர்த்தும் ஷரீஅத், அதே உடம்பில் குண்டைக் கட்டிச் சிதறடி என்று கட்டளையிடுமா?

"தற்கொலையல்ல, ஜிஹாது" என்பார்கள். சரி, போர்க்களத்துக்கே போவோம். நபிகளாரின் படையில் நின்று கடுமையாகப் போரிட்ட ஒருவன், காயத்தின் வேதனை தாளாமல் தன் வாள்மீதே விழுந்து செத்தான். அவன் நரகவாசி என்றார்கள் நபிகளார். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். படை அனுப்பிய முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் என்ன சொன்னார்கள்? பெண்களை, குழந்தைகளை, முதியவர்களைக் கொல்லக் கூடாது. துறவிகளை விட்டுவிட வேண்டும். பழமரத்தை வெட்டக் கூடாது. மரத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு சீயோன் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லையே!

2016 ரமலானில் மதீனாவில், நபிகளாரின் பள்ளிவாசலுக்கு அருகிலேயே ஒருவன் தன்னையே வெடிக்கச் செய்து நான்கு காவலர்களைக் கொன்றான். அங்கே அவன் எந்த எதிரியைத் தேடிப் போனான்?

ஆனால், "இஸ்லாத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நாம் கலைந்து போக முடியாது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிம் பேசியது நம் தமிழில், மார்க்கத்தின் பெயரால். அவன் ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்களே அவனைப் பற்றி முன்கூட்டி முறையிட்டார்கள். அதிகாரம் அசட்டையாக இருந்தது. குண்டுதாரிகளின் மய்யித்தை, அதாவது சடலத்தை, ஏற்க மாட்டோம் என்று ஆலிம்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது சரியே. ஆனால் மய்யித்தை மறுக்கும் நிலை வருவதற்கு முன்பே அந்தப் பேச்சை மறுத்தாக வேண்டும். ஆலிம்களே, ஆயத்துக்கு ஆயத்து, ஹதீஸுக்கு ஹதீஸ், ஒவ்வொரு பள்ளிவாசல் மிம்பரிலும் தமிழில் பதில் சொல்லுங்கள்!

வாலிபர்களே, ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்யும்படி அனுப்பி வைத்தார்கள் நபிகளார். சாகச் சொல்லி எவன் வந்தாலும், "என் உம்மாவும் வாப்பாவும் இருக்கிறார்கள், என் ஜிஹாது வீட்டில் இருக்கிறது" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அதுதான் நபிவழி!