வாஷர் கற்பித்த பாடம்

(திருப்போரூரில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் வீட்டில் ஒரு பழைய பித்தளைக் குழாய். எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். கடையில் கிடைத்த வாஷர் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. துணியைக் கட்டிவிட்டு மறக்கப் பார்த்தோம். இரவில் சத்தம் மறக்கவிடவில்லை.

ஒருநாள் அடியில் 1 லிட்டர் பாட்டிலை வைத்தேன். 5 மணி நேரத்தில் நிறைந்தது. ஒரு நாளைக்கு 4.8 லிட்டர், ஆண்டுக்கு 1,752 லிட்டர். நமக்குப் பக்கத்தில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க 2013 முதல் ஓர் ஆலை இயங்குகிறது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அத்தனை பாடுபட்டு நீரெடுக்கும் ஊர்ப்பக்கத்தில் என் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

வாஷரை நானே செய்யத் துணிந்தேன். முதலில் சைக்கிள் டியூபில் வெட்டினேன். மெல்லியது; குழாயை முழுவதும் திருகியும் அடைக்கவில்லை. அடுத்து பழைய ரப்பர் செருப்பு. நான்கு நாள் நன்றாக அடைத்தது. பிறகு, குழாய்க்குள் இருக்கும் வளையம் அழுத்தி அழுத்தி மென்மையான ரப்பரை வெட்டிவிட்டது.

இந்த இரண்டு தோல்விகளையும் 9ஆம் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "சார், பழைய வாஷரை வெர்னியர் அளவியில அளந்தீங்களா?" என்றாள்.

அளக்கவில்லை. முந்தைய வாரம்தான் மீச்சிற்றளவு பற்றிக் கரும்பலகை நிறைய எழுதியிருந்தேன். கருவியோ பீரோவில் இருந்தது. தேர்வுக்கான பாடமாகவே நானும் அதை நினைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் பழைய வாஷரை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். மாணவர்களே அளந்தார்கள். விட்டம் 18 மி.மீ.; தேயாத ஓரத்தில் கனம் 4 மி.மீ. செருப்புத் தைப்பவரிடம் அதே கனத்தில் டயர் ரப்பர் கிடைத்தது. அதில் வெட்டிய மூன்றாவது வாஷர் இன்றுவரை சொட்டவிடவில்லை.

இது சின்ன வேலை என்று எண்ண வேண்டாம். 1980களில் கோவைப் பகுதியில் அடிகுழாய்களைக் கள ஆய்வு செய்த பொறியாளர்களும் வாஷரோடுதான் மல்லுக்கட்டினார்கள். தோல் வாஷர் விரைவில் தேய்ந்தது. நைட்ரைல் ரப்பர் நெடுநாள் உழைத்தது. அந்த ஆய்விலிருந்தே, ஊர்மக்களே எளிதில் பழுது பார்க்கக்கூடிய 'இந்தியா மார்க் 3' அடிகுழாய் உருவானது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. குக்கரின் பாதுகாப்பு வால்வு, சூடு மிஞ்சினால் உருகி ஆவியை வெளிவிடுவதற்காகவே இருக்கிறது. உறுதியாக இருக்கட்டும் என்று அதில் வேறொன்றைச் செருகினால் ஆபத்து. எனவே எந்த உதிரிப்பாகத்தைச் செய்யுமுன்னும் "இது என்ன வேலை செய்கிறது?" என்று கேட்கப் பழக்குவோம். மின்சாரம், எரிவாயு, குக்கர் ஆகியவற்றை விட்டுவிடுவோம்.

வீட்டில் ஒழுகும் குழாய், ஆடும் நாற்காலி, மூடாத டப்பா என ஏதாவது ஒன்றை மாணவர்கள் அளந்து வரட்டும். அவர்கள் அளக்குமுன், நம் பீரோவைத் திறந்து வைப்போம்.