கொள்கைப் படிப்புக்கு நம் பிள்ளைகள்



பிள்ளைகளை டாக்டராக, வழக்கறிஞராகப் பார்க்க ஆசைப்படும் நாம், பொதுக் கொள்கை என்ற முதுகலைப் படிப்பையும் அறிய வேண்டும். சம்பளம், வீடு, பள்ளிக்கூடம் பற்றிய அரசின் முடிவு யாருக்கு உதவுகிறது என்று ஆராயும் படிப்பு அது.

பேராக்கில் வாழும் நமக்கு அதன் அருமை புரியும். 1950களில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது பாட்டாளிகள் வேலையும் குடியிருப்பும் இழந்தனர். தோட்டத்தை நம்பிய கடைகளும் தள்ளாடின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 10 வெள்ளி, 10 வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தொழிலாளர்கள் தோட்டங்களுக்குப் பங்காளிகளானார்கள். நல்ல கொள்கை செய்யும் வேலை இது.

விண்ணப்பத்தில் நோக்கக் கட்டுரைதான் உயிர். "நாட்டுக்குச் சேவை செய்வேன்" என்று எல்லாரும் எழுதுவார்கள். தோட்டம் மூடியபோது குடும்பம் எங்கே போனது, எந்த விதி இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும் என்று நம் பிள்ளைகள் எழுதட்டும். நன்னா, நன்னியிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

பட்டம் முடிந்ததும் குடும்பத்துக்காக வேலைக்குப் போகிறவர்கள் கலங்க வேண்டாம். பிரிட்டனின் செவனிங் உபகாரச் சம்பளம் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறது. படிப்பு முடிந்து 2 ஆண்டு தாயகத்தில் இருக்கவும் சொல்கிறது. உழைத்த காலமும் தகுதியே.

அடுத்த தலைமுறை கொள்கை வகுக்கும் மேசையில் அமர துஆச் செய்வோம். வஸ்ஸலாம்.