மூணு திருச்சி

வேலையை மாத்திக்கிட்டு டேட்டா அனலிசிஸ் பக்கம் போகலாம்னு இருக்கிறவங்க முதல்ல கேக்கிறது, "பைத்தான் வகுப்புல சேரட்டுமா?"ங்கிறதுதான். சேருங்க. ஆனா அதுக்கு அவசரமில்லை.

ஜவுளிக்கடையில கணக்கு எழுதுறவர் ஒருத்தர்கிட்ட வாடிக்கையாளர் பட்டியல் இருக்கு. அதுல மூணு பதிவுல ஊர் திருச்சி, ட்ரிச்சி, திருச்சிராப்பள்ளின்னு இருக்கு. கம்ப்யூட்டருக்கு இது மூணு ஊர். அவரோ ஒரு பார்வை பார்த்துட்டு, "ஜி.எஸ்.டி. நம்பர் மூணுக்கும் ஒண்ணுதானே, இது ஒரே பார்ட்டி"ன்னு சொல்லிடுவார். இந்தக் கண்ணை எந்த வகுப்புலயும் விக்கிறதில்லை.

கருவியோட எல்லையும் தெரியணும். 2020-ல இங்கிலாந்தோட பொது சுகாதாரத் துறை, கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்துல சேர்த்துச்சு. அதுல ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான். மிச்சம் சத்தமில்லாம விட்டுப்போச்சு. 15,841 பேர் அன்றாடக் கணக்குல வராம போனாங்க. அவங்களோட பழகினவங்களைத் தேடுறதும் தள்ளிப்போச்சு.

அதனால எக்செல்லுக்கு அடுத்தபடியா, டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்கிற மொழியான எஸ்.க்யூ.எல். படிங்க. 1974-ல ஐ.பி.எம். ஆய்வகத்துல பிறந்தது, அம்பது வயசாகியும் ரிட்டையர் ஆகலை! பழகிப் பார்க்க எஸ்.க்யூ.லைட்ங்கிற டேட்டாபேஸ் இலவசமாவே கிடைக்குது. நீங்க வேலை பார்க்கிற கடையோட ரெண்டு வருஷ விற்பனையை அதுல ஏத்துங்க (முதலாளிகிட்ட சொல்லிட்டுத்தான்). போன தீபாவளிக்கு வாங்கினவங்கள்ல இந்தத் தீபாவளிக்கு வராதவங்க யார்னு கேளுங்க. வர்ற பட்டியலை முதலாளிகிட்டயே கொடுங்க.