குழந்தைக்கு மயக்க மருந்து: கயிற்றைப் பிடிப்பவர் யார்?



உங்களில் பலருக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும்தான் வேலை. ஆகவே, உங்களுக்குத் தெரிந்த ஒரு விதியிலிருந்தே தொடங்குகிறேன். விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் மூச்சுக்கருவி மாட்டி ஒருவர் இறங்கினால், அவருடைய இடுப்புக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவிலேயே இது எழுதப்பட்டது. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் இதே நியாயம்தான்.

குழந்தை விழுந்து அடிபட்டால், "நாலு பேர் அமுக்கிப் பிடிச்சுக்குங்க, ரெண்டே தையல்தான்" என்பது பழைய வழக்கம். அது தேவையில்லை. சிறு காயத்துக்கு மரத்துப்போகும் ஊசியும் அம்மா மடியுமே பெரும்பாலும் போதும். முறிந்த எலும்பை நிமிர்த்துவது போன்ற பெரு வலிக்குக் கெட்டமைன் இருக்கிறது. 1962-இல் உருவாக்கப்பட்டு, 1970-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. நரம்பு வழியாக மெதுவாக ஏற்றினால் ஒரு நிமிடத்தில் வேலை செய்யும். கண் திறந்தே இருக்கும், வலி தெரியாது, மூச்சு பெரும்பாலும் தானாகவே ஓடும்.

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. அபூர்வமாகக் குரல்வளை இறுகி மூச்சு அடைபடும். எலும்பை நிமிர்த்தும் டாக்டரே மூச்சையும் பார்த்துக்கொள்ள முடியாது. அதற்கென்றே பயிற்சி பெற்ற இன்னொருவர் வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. ஆக்சிஜன், சக்‌ஷன், ஆம்பு பேக் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. ஆக்சிஜன் கொடுக்கும்போது மூச்சு நின்றாலும் அந்த எண் தாமதித்தே இறங்கும். நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வெளிவிடும் மூச்சை அளக்கும் காப்னோகிராஃப் இருந்தால் இன்னும் நல்லது.

பெற்றோர்களே, பிள்ளையின் எடை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், சளி, இருமல், ஒவ்வாமை ஆகியவற்றைத் தவறாமல் சொல்லுங்கள். "பாவம், பசிக்கும்" என்று வழியில் பிஸ்கட் கொடுக்காதீர்கள். "மயக்கம் கொடுத்ததும் மூச்சை யாருங்க பார்த்துக்குவாங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். ஆள் இல்லையென்றால், ரத்த ஓட்டம் தடைபடாத முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்டி, வலிமருந்து கொடுத்து, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அனுப்புவதில் குறைவேதும் இல்லை. சிகிச்சை முடிந்தாலும் பிள்ளை நன்றாகத் தெளியும்வரை வீட்டுக்கு அவசரப்படாதீர்கள்.

நிறுவனங்களில் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் பகுதி மருத்துவமனைக்கு உதவ நினைத்தால், பெயர்ப்பலகையோடு ஒரு கட்டடம் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு காப்னோகிராஃபும், இரண்டு செவிலியருக்குப் பயிற்சியும் கொடுங்கள்.