மாண்ட்கோமரி நகரத்துப் பஸ் மறுப்பு
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அறப்போர் என்றவுடன் நம்மனோர்க்கு உப்புச் சத்தியாக்கிரகமே நினைவிற்கு வரும். யாம் இன்று கூறப் புகுவது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அலபாமா மாகாணத்து மாண்ட்கோமரி நகரத்தார் நடந்தே வென்றதொரு போரினை.

ஆங்குப் பஸ் வண்டிகளின் முன்னிருந்த பத்து இருக்கைகள் அந்நாளில் வெள்ளையர்க்கே உரியனவாயிருந்தன. அவை நிரம்பிவிடின், அவற்றிற்குப் பின்னமர்ந்த கருப்பினத்தார் எழுந்து இடம்விட வேண்டியிருந்தது. முன்வாயிலிற் காசு செலுத்திய பின்னர், இறங்கிப் பின்வாயிலில் ஏறுமாறு அவரைப் பணித்ததும் உண்டு. அவர் பின்வாயிலை அடையுமுன்னரே வண்டி சென்றுவிட்டதும் உண்டு. இத்தனைக்கும் பயணிகளுள் ஏறக்குறைய முக்காற்பங்கினர் அவராகவே இருந்தனர்.

1955 டிசம்பர் 1-ஆம் நாள், தையற்றொழில் புரிந்துவந்த ரோசா பார்க்ஸ் அம்மையார் எழ மறுத்துக் கைதாயினார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்னும் கல்லூரி ஆசிரியை பல்லாயிரந் துண்டறிக்கைகளை உருட்டி எடுத்தார். 5-ஆம் நாள் திங்கட்கிழமை, கருப்பினத்தார் ஏறாமையின் வண்டிகள் பெரும்பாலும் வெறுமையாய் ஓடின. அன்றே ஒரு சங்கம் நிறுவப்பெற்றது; 26 வயதினரான மார்ட்டின் லூதர் கிங் என்னும் போதகர் அதன் தலைவரானார்.

அச்சங்கத்தார் முதற்கண் கேட்டது மிகச் சிறிது. பிரிவினை அடியோடு ஒழிக என்று அவர் கேட்டிலர். மரியாதையாக நடத்துக, வெள்ளையர் முன்னிருந்தும் கருப்பினத்தார் பின்னிருந்தும் வந்த முறைப்படி அமர்க, தம்மவர் மிகுதியாகச் செல்லும் வழிகளில் தம்மவரையே ஓட்டுநராக்குக என்றனர். இவ்வளவும் மறுக்கப்பட்ட பின்னரே வழக்கு வேரினை நோக்கிச் சென்றது. சிறிது ஈந்து பெரிது காக்கும் அறிவும் அந்நகராள்வோர்க்கு இல்லாது போயிற்று!

ஏறக்குறைய 300 மோட்டார் வண்டிகள் முறைவைத்து ஆட்களை ஏற்றிச் சென்றன, எஞ்சியோர் நடந்தனர். 1956 ஜனவரி 30-இல் கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசினர். மனைவியும் கைக்குழந்தையும் உள்ளிருந்து உயிர் தப்பினர். சினந்து திரண்ட கூட்டத்தை, வாசலில் நின்றே அவர் அமைதியுறச் செய்து வீட்டிற்கு அனுப்பினார்.

ஈண்டு, பலரும் கூறாது விடுத்த ஒன்றினைக் கூறல் வேண்டும். பார்க்ஸ் அம்மையார்க்கு ஒன்பது திங்கள் முன்னரே, மார்ச்சு 2-ஆம் நாள், கிளாடெட் கொல்வின் என்னும் 15 வயதுப் பள்ளிச் சிறுமி எழ மறுத்துக் கைதானாள். தலைவர்கள் அவளை முன்னிறுத்தத் தயங்கினர். மேல்முறையீட்டில் பிரிவினைக் குற்றச்சாட்டு நீக்கப்பட்டுத் தாக்கிய குற்றமே எஞ்சியமையின், அச்சட்டத்தை எதிர்த்து வழக்காட அவள் வழக்கு இடந்தரவில்லை என்பது மெய்யே. ஆயினும் இளையவள், படபடப்பினள் என்பதும், பின்னர் மணமாகாமற் கருவுற்றாள் என்பதும் அத்தயக்கத்திற் கலந்திருந்தன. ஊர் மெச்சும் முகத்தைத் தேடுவது சங்கங்கட்கு இயல்பு. நம்மிடத்தும் யாம் அதனைக் கண்டுள்ளோம்.

எனினும் அப்போரினை முடித்த வழக்கில் வாதியராய் நின்ற நான்கு பெண்டிருள் கொல்வினும் ஒருத்தி. பார்க்ஸ் அம்மையார் அவருள் இலர். 1956 நவம்பர் 13-இல் தலைமை நீதிமன்றம் அப்பெண்டிர் பக்கமே உறுதி செய்தது. ஆணை நகருக்கு வந்துசேருங்காறும் மக்கள் நடந்துகொண்டேயிருந்தனர். 381 நாட்கள் கழிந்தபின், டிசம்பர் 21-ஆம் நாட் காலையில், கிங் வண்டியின் முற்பகுதியில் அமர்ந்தார். அவர் பக்கத்தில் ஒரு வெள்ளையப் போதகர் அமர்ந்திருந்தார்.