திட்டம் போடுமுன் நான்கு கட்டம் போடுவோம்

(தோட்டத் தலைவர், தலைவியருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



வருட வேலைத்திட்டம் போடக் கூடியிருக்கிறோம். வழக்கமாக என்ன செய்வோம்? போன வருடத் தாளை எடுத்து, பொங்கல், மகளிர் தினம், மே தினம் என்று திகதியை மட்டும் மாற்றி எழுதுவோம். இந்த முறை அந்தத் தாள் ஓரமாக இருக்கட்டும்.

'சுவொட்' என்று ஒரு முறை இருக்கிறது. கம்பனிக்காரர்கள் அதிகம் பயன்படுத்துவதுதான். அதனால் என்ன? கவ்வாத்துக் கத்தியையும் தோட்டந்தான் தருகிறது, நாம் தொடாமலா இருக்கிறோம்?

பெரிய தாளில் நான்கு கட்டம் போடுங்கள். மேலே பலம், பலவீனம். இவை சங்கத்துக்குள் இருப்பவை, நாம் நினைத்தால் மாற்றலாம். கீழே வாய்ப்பு, அச்சுறுத்தல். இவை வெளியிலிருந்து வருபவை, இவற்றுக்கு நாம் தயாராகலாம். இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். "சம்பளம் போதவில்லை" என்பதைப் பலர் பலவீனத்தில் எழுதுவார்கள். அது சங்கத்தின் பலவீனம் அல்ல. "கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை" என்பதுதான் பலவீனம். கொழுந்து எடுப்பவர்கள் பெண்கள், சந்தா கொடுப்பவர்களும் அவர்கள். கூட்டத்தையோ மாலை ஐந்து மணிக்கு வைக்கிறோம். மலையிலிருந்து வந்து அடுப்பு மூட்டுகிற நேரம் அது. காரணம் தெரிந்துவிட்டால் நேரத்தை மாற்றுவது நம் கையில்தான்.

எல்லாப் பிரச்சினையையும் ஒரே தாளில் அடைக்காதீர்கள். ஒன்றை மட்டும் எடுப்போம். ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும்.

பலம் என்ன? "உறுப்பினர் அதிகம்" என்று எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிவிஷன் வாரியாகச் செக்ரோலில் எத்தனை பேர், அதில் நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கையை எழுதுங்கள். 1999ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் திருத்தச் சட்டப்படி, தொழிலாளரில் 40 சதவீதத்துக்குக் குறையாதோர் நம் சங்கத்தில் இருந்தால், பேச்சுவார்த்தைக்கு வர முடியாது என்று நிர்வாகம் சொல்ல முடியாது. அதற்குக் குறைந்தால் அந்த டிவிஷனைப் பலவீனக் கட்டத்துக்கு மாற்றுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம்.

வாய்ப்பு, சட்டத்திலேயே இருக்கிறது. சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 சதவீதம், தோட்டம் 12 சதவீதம். நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 சதவீதம். ஐந்து வருடம் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணம். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். லயத்தில் உயர்தரம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கடிதம் எழுத இனி வெளியாளைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அச்சுறுத்தலுக்குக் கொஞ்சம் நேரம் எடுங்கள். தேயிலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும் முறை பல தோட்டங்களில் வந்திருக்கிறது. கையில் கூடுதலாகக் காசு வருகிறதென்று சிலர் விரும்புகிறார்கள், அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. ஆனால் செக்ரோலில் பெயர் இல்லாமல் போனால் சேமலாப நிதியையும் சேவைக்காலத்தையும் எதைக் காட்டிக் கேட்பது? இந்தக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போட்டுக் காட்ட வேண்டும்.

இன்னொன்று, செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். இது ஓய்வு பெறும் நாளில்தான் தெரிய வருகிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். அந்த வயதை நெருங்குகிறவர்களின் பெயர்களை முதலில் பார்ப்போம்.

இப்போது கட்டங்களைச் சேர்த்துப் பாருங்கள். படித்த பிள்ளைகள் ஒருபக்கம், பிழையான பெயர்கள் மறுபக்கம். நம் முதலாவது வேலைத்திட்டம் இங்கேயே வந்துவிட்டது. டிவிஷனுக்கு ஒரு தலைவியும் இரண்டு இளைஞர்களும் பொறுப்பு. மூன்று மாதத்தில் 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோருடைய பெயரும் சரிபார்த்து முடிய வேண்டும். செலவு, கொப்பியும் பஸ் காசும்தான்.

அடுத்த கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. வரும்போது சம்பளத் துண்டையும் அடையாள அட்டையையும் கொண்டு வாருங்கள்.